பாட்டின் தலையில் ஒரு விசில்

அறுபத்திரண்டாவது நிமிடத்தில் நடுவரின் விசில் செத்துப்போனது. ஊதினார், காற்று வந்தது, சத்தம் வரவில்லை. கன்னம் இரண்டும் பலூனாக உப்ப இன்னொரு முறை ஊதினார். அப்போதும் இல்லை. கோட்டோரம் நின்ற உதவி நடுவர் தன் பையைத் துழாவி வேறொரு விசிலை எடுத்து வீசினார். நடுவர் அதைச் சட்டையில் துடைத்து, ஒரு தடவை ஊதிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

மைதானத்தில் முப்பதாயிரம் பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் அது வெறும் விசில். அந்த ஒருத்தி, மேலே கண்ணாடி அறையில் கிளப் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமை நிர்வாகி. அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். அந்தச் சத்தத்தின் உச்சியில் ஒரு கீறல், அதற்குக் கீழே லேசான நடுக்கம். அந்த விசிலை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய பாட்டுக்குள் இருக்கும் விசில்.

அவள் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எட்டு வயதில், வீட்டு மின்விசிறி எந்தச் சுருதியில் சுற்றுகிறது என்று சொல்லி அப்பாவைக் கலங்கடித்தவள். பதினேழு வயதில் ஒரு இசைக்குழுவில் கீபோர்டு. குழுவில் ஐந்து பேர். கேட்க வந்தவர்கள் சில நாட்களில் நான்கு பேர், அதில் இரண்டு பேர் நாற்காலி வாடகைக்காரர்கள். டிரம்ஸ் வாசித்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. அங்கிருந்து வானொலிக்குப் போனாள். காலை ஆறு மணி நிகழ்ச்சியில் அவள் சிரித்தால் ஊரில் பாதி அலாரம் கடிகாரங்கள் வேலையிழந்தன. அப்புறம் தொலைக்காட்சி: பன்னிரண்டு வருடம், ஒரு வேனுக்குள் நாற்பது திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்பினாள். அவள் ‘கட்’ என்று கத்தினால் பக்கத்துத் தெருவில் சவரம் செய்துகொண்டிருப்பவர்கூடக் கத்தியை எடுத்துவிடுவார் என்பார்கள். சென்ற வருடம்தான் இந்தக் கால்பந்து கிளப் அவளைத் தலைமைப் பதவிக்குக் கூப்பிட்டது.

கிளப்பின் நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். கூட்டிப் பார்த்தால் எண்ணூறு வயது தேறும். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘பாட்டுக்காரி’. காரணமில்லாமல் இல்லை. வந்த முதல் மாதமே கிளப்புக்கு ஒரு கோல் பாட்டு போட்டாள். நம் அணி கோல் அடித்த மறுநொடி ஸ்பீக்கர்கள் எல்லாம் அலறும். பாட்டின் தலையில் ஒரு விசில் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று நடுவர்கள் அறைப் பெட்டியிலிருந்து ஒரு விசிலைக் கடன் வாங்கி, ஸ்டூடியோவில் தானே ஊதிப் பதிவு செய்து, கழுவித் துடைத்து அதே பெட்டியில் போட்டுவிட்டாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுதானே மரியாதை.

அந்த மரியாதைதான் இப்போது நடுவரின் வாயில் இருந்தது.

இன்று பருவத்தின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், கிளப் முதல் பிரிவில் தங்கும். தோற்றால் கீழ்ப் பிரிவு. ஸ்கோர் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். தலைவர் காலையிலேயே தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டியிருந்தார். அவளுடைய ராஜினாமாக் கடிதம். அவரே டைப் அடித்து வைத்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி.

“கிளப் கீழ எறங்கினா நீயும் எறங்கிடும்மா. எறங்கலேன்னா கிழிச்சிடலாம். நான் நியாயமானவன்” என்றார். குளியலறை டைல்ஸ் வியாபாரி. நாற்பது வருடத்துக்கு முன் இதே கிளப்பில் தடுப்பாட்டக்காரராக இருந்து, எதிரணிக்காரர்களின் முழங்கால்களை எண்ணி எண்ணி உடைத்ததாகப் பெயரெடுத்தவர்.

லீக் விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. உள்ளூர் மைதானத்தின் ஸ்பீக்கரிலிருந்து விசில் சத்தம் வந்து ஆட்டம் நின்றால், வெற்றி எதிரணிக்கு. அதில் பேச்சே கிடையாது. இதுவரை அது யாருக்கும் உறுத்தவில்லை. பாட்டில் இருந்த விசில் ஒரு சாதி, நடுவர்கள் ஊதியது வேறு சாதி; பழகிய ஆட்டக்காரனுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்காது. கோல் விழுந்தால் எப்படியும் ஆட்டம் ஒரு நிமிடம் நின்றுதான் கிடக்கும்.

ஆனால் கோல் மாதிரி விழுந்து கோல் இல்லை என்று ஆகி, ஆட்டம் தொடர்ந்த பிறகு பாட்டு வந்தால்?

அவள் கை தானாகக் கைபேசிக்குப் போனது. பாட்டைப் போடுகிறவன் தம்பி. அவன் இருக்கும் சவுண்டு ரூம் எதிர்ப்பக்கக் கேலரிக்கு அடியில். ஜன்னல் கிடையாது, வெளிச்சத்தம் துளிகூட நுழையாத அறை வேண்டும் என்று அவள்தான் தேடிப் பிடித்தாள். அவன் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன டிவியைப் பார்த்துத்தான் பட்டனை அமுக்குவான். டிவியோ இரண்டு வாரமாக ஏழு விநாடி தாமதம். நம் பயிற்சியாளர் நடுவரின் பரம்பரையை விசாரித்தது நேரடியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததிலிருந்து, கெட்ட வார்த்தைகளை வடிகட்ட டிவிக்காரர்கள் வைத்த ஏழு விநாடி. அந்தத் தாமதத்துக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டதும் அவள்தான். போன ஆட்டத்தில் பாட்டு தாமதமாக வந்ததென்று தம்பியைக் கிழிகிழியென்று கிழித்ததும் அவள்தான்: “கொடியெல்லாம் பாக்காதடா! பந்து கோட்டைத் தாண்டினா அமுக்கு!”

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சவுண்டு ரூமுக்குள் கைபேசி கூடாது என்று சட்டம் போட்டதும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவள் எழுந்தாள்.

“எங்கம்மா?” என்றார் தலைவர், கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமல்.

“ரெண்டு நிமிஷம் சார். கீழ ஒரு வேலை.”

“இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் கெடக்கு, இப்ப என்ன வேலை? வீடு பத்திக்கிச்சுன்னா மொத ஆளா பெட்டியத் தூக்கிட்டு ஓடற ஜாதியா நீ?”

“பத்திக்கக் கூடாதுன்னுதான் சார் ஓடறேன்.”

கழுத்திலிருந்த அனுமதிப் பாஸின் பட்டை நாற்காலிக் கையில் மாட்டி இழுத்தது. அவிழ்க்கப் பொறுமையில்லை. தலையை உருவிக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

படிக்கட்டு நூற்றுப்பத்து. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். கேலரிக்குப் பின்னால் வளைந்து போகும் நடைபாதையில் அவள் ஓடிய ஓட்டத்தை அன்று அணித் தேர்வாளர்கள் பார்த்திருந்தால் வலது ஓரத்தில் அவளையே இறக்கியிருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் பொங்குவதும் அடங்குவதுமாக இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் ஓட்டம் இன்னும் கூடியது.

சவுண்டு ரூம் நடைவழியின் வாசலில் காவலாளி நின்றிருந்தார். கதவு அளவு அகலம். கதவு இல்லாவிட்டாலும் அவர் போதும்.

“பாஸ் இருக்கா மேடம்?”

“அண்ணே, வழி விடுங்க. நான் யாருன்னு தெரியலையா?”

“நல்லாத் தெரியுது மேடம். நீங்கதான் சொன்னீங்க, நானே வந்தாலும் பாஸ் இல்லாம விடாதேன்னு. போன மாசம் சிரிச்சுக்கிட்டே வந்தீங்க, நானும் விட்டேன். மறுநாள் மெமோ குடுத்தீங்க. வீட்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன்.”

“அண்ணே, கிளப்பே போயிடும்!”

“மெமோவுலயும் அதான் மேடம் எழுதியிருந்தீங்க.”

அவள் ஒரு செருப்பை அவர் தலைக்கு மேலே வீசினாள். அவர் அண்ணாந்து பார்த்த அரை நொடியில் கையிடுக்கில் குனிந்து உள்ளே புகுந்துவிட்டாள்.

“மேடம்! ஓடாதீங்க மேடம், எனக்கு மூட்டு வலி!”

நடைவழியின் கோடியில் கதவு. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும்; வேன் காலத்துப் பழக்கத்தை அப்படியே இங்கேயும் கொண்டுவந்திருந்தாள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதற்குள் தம்பியின் கைபேசி, ‘அக்கா, பதினொரு அழைப்பு’ என்று மின்னிக்கொண்டிருந்தது. அவள் கதவில் கையை ஓங்கினாள்.

அப்போது மைதானம் வெடித்தது.

முப்பதாயிரம் தொண்டை ஒன்றாகத் திறந்த சத்தத்தில் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. பந்து வலைக்குள். இது இப்போது. உள்ளே தம்பியின் டிவியில் இது நடக்க இன்னும் ஏழு விநாடி. மேடையில் எண்ணுவது போலவே அவள் வாய் தானாக எண்ணத் தொடங்கியது.

ஒன்று. கதவை அறைந்தாள். உள்ளே ஹெட்போன், இடி விழுந்தாலும் கேட்காது.

இரண்டு. விசில். கீறலும் நடுக்கமுமாக அதே விசில். கூட்டத்தின் கொண்டாட்டம் அப்படியே முனகலாகச் சரிந்தது. கொடி ஏறிவிட்டது. ஆஃப்சைடு. கோல் இல்லை.

மூன்று. யாரோ கத்தினார்கள்: “டேய் திரும்புங்கடா, அவன் ஃப்ரீ கிக் அடிச்சிட்டான்!” எதிரணி தாமதிக்கவில்லை. பந்து நம் பக்கம் பறந்துகொண்டிருந்தது. நம் ஆட்கள் பாதிப் பேர் இன்னும் அந்தக் கோடியில்.

நான்கு. அவள் கண் சுவரில் விழுந்தது. இரும்புப் பெட்டி. மெயின் சுவிட்ச். தாவிப் பிடித்துத் தொங்கினாள். அசையவில்லை. ஒரு மாமாங்கமாக யாரும் தொடாத சுவிட்ச்.

ஐந்து. மூச்சிரைக்கக் காவலாளி வந்து சேர்ந்தார். “மேடம், பாஸ்...”

“இழுங்கண்ணே!”

ஆறு. அவர் பாஸை மறந்தார். அவள் கைமேல் தன் கையை வைத்து மொத்த உடம்பையும் தொங்கவிட்டார். டமார் என்று கீழே வந்தது சுவிட்ச். சிவப்பு விளக்கு போனது. நடைவழி இருண்டது.

ஏழு.

பாட்டு வரவில்லை. விசில் வரவில்லை. சுவருக்கு அப்பால் முப்பதாயிரம் பேர் மூச்சை உள்ளே இழுத்தது மட்டும் கேட்டது. பிறகு தோலில் தோல் மோதுவது போல ஒரு ‘தொப்’. நம் கோல்கீப்பரின் கை. இழுத்த மூச்சை அத்தனை பேரும் ஒன்றாக விட்டார்கள்.

கதவு திறந்தது. இருட்டில் தம்பியின் குரல்: “எவன்டா அவன் கரண்ட்ட புடுங்கினது? அக்கா! கோலுக்கா! நாம கோல் போட்டுட்டோம்! அமுக்கறேன், சாமான்ல உசிரே இல்ல!”

“அது கோல் இல்லடா.”

“நான் கண்ணால பாத்தேன்க்கா!”

“நீ பாத்தது பழசுடா” என்று அவள் அந்தச் சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். 

ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யத்தில் முடிந்தது. கிளப் பிழைத்தது. ஒரு சின்னச் சிக்கல் மட்டும் மிச்சம். அந்தச் சுவிட்ச் சவுண்டு ரூமோடு கண்ணாடி அறைக்கும் சேர்த்துத்தான். ஏசி நின்று, மின்சாரக் கதவு பூட்டிக்கொண்டு, தலைவரும் எண்ணூறு வயதுக் குழுவும் கடைசிப் பத்தொன்பது நிமிடம் உள்ளே வெந்துபோனார்கள். அவர்கள் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கதறியதைக் கூட்டம் உற்சாகம் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தது.

கூட்டம் கலைந்தபின், நெம்பித் திறந்த கதவு வழியாக வெளியேறி, தலைவர் மைதான ஓரத்துக்கு வந்தார். கோட்டு தோளில், சட்டை பிழிந்தெடுத்த மாதிரி, கையில் அந்தக் கடிதம். பின்னால் ஆட்டக்காரர்கள் கத்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“யாரு கரண்ட நிறுத்தினது?”

“நான்தான் சார், தெரியாம கை பட்டுடுச்சு” என்றான் தம்பி முந்திக்கொண்டு.

அவளுக்கு ஒரு கணம் அதை அப்படியே விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. தம்பியைத் திட்டுவார்கள், இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். “இல்ல சார். நான். தெரிஞ்சே” என்றாள். கடன் வாங்கிய விசில், ஏழு விநாடி, கொடி பார்க்காதே என்று சொன்னது, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது அவளுடைய குற்றப்பத்திரிகை மாதிரி கேட்டது.

தலைவர் முழுவதும் கேட்டார். “முடிஞ்சுதா? என் காதுல பூ ஏதாச்சும் தெரியுதா உனக்கு? பாட்டுல வர்ற விசிலுக்கு ஆட்டக்காரன் நிப்பானா? நான் ஆடினவம்மா. அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களா நாங்க?” கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார். “எங்களை அடைச்சு வெச்சு வேக வெச்சதுக்குக் கதை வேற. போடு கையெழுத்த.”

அவள் வாங்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். “போய் கரண்ட்ட போட்டு, பாட்டப் போடுடா.”

தம்பி ஓடினான். தலைவர் ‘சே’ என்று திரும்பி, படியேறக் காலைத் தூக்கினார்.

ஸ்பீக்கர்கள் உயிர்பெற்றன. விசில்.

ஓடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். கோல்கீப்பர் அணைத்திருந்த பந்தைப் பவ்யமாகத் தரையில் வைத்தார். புல் வெட்டுகிறவர் வண்டியை நிறுத்தினார். படியோரம் தலைவர் ஒற்றைக் காலில் நின்றார், தூக்கிய கால் தூக்கியபடி. நாற்பது வருடத்துப் பழக்கம் அதோடு விடவில்லை. இரண்டு கையும் தானாக மேலே போயின. ஒரு கையில் கடிதம், ஒரு கையில் பேனா.

“நான் தொடவே இல்ல ரெஃப்ரீ!” என்றார்.

பாட்டு தொடர்ந்து முழங்கியது. அவர் கையை இறக்க அதன் முதல் சரணம் முடிய வேண்டியிருந்தது.

“சார்,” என்றாள் அவள், “கையெழுத்து எங்க போடணும்?”

தலைவர் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தார். கிழிக்கவில்லை. “மொதல்ல பாட்டுலேருந்து அந்த விசிலத் தூக்கு” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

காவலாளி அவள் வீசிய ஒற்றைச் செருப்போடு வந்து பக்கத்தில் நின்றார். அதைக் காலடியில் வைத்துவிட்டு மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“மேடம், இங்க நிக்கவும் பாஸ் வேணும்.”