பிஸ்கட் அட்டையில் ஒரு சமையல்காரர்

என் தம்பி கிளிஃபர்டை நாலு சாத்து சாத்தணும்னு எனக்குத் தோணாத நாளே கிடையாது. ஆனா அந்தச் சனிக்கிழமை, தேவாலயக் கூடத்துல அத்தனை பேர் முன்னாடி, நிஜமாவே கையை ஓங்கிட்டேன்.

இங்கிலாந்துல எங்க ஹல் நகரத்துல பழைய விளையாட்டுச் சீட்டு சேர்க்கிறவங்களுக்கு ஒரு சங்கம் உண்டு, தேவாலயக் கூடத்துலதான் கூடுவாங்க. பட்டாளச் சீட்டுன்னா அங்க கிளிஃபர்ட்தான் ராஜா. சிப்பாய், மாலுமி, விமானின்னு படம் போட்டு ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல பிள்ளைங்களுக்காக வந்த கட்டுங்க. முதுகுப்பக்கக் கோலத்தைப் பார்ப்பான், அட்டையைத் தடவுவான், "மெலிசா இருக்கு, காகிதப் பஞ்சத்துல அடிச்சது"ன்னு வருஷத்தையே சொல்லிடுவான். அதுல அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

எதிர்வீட்டு மேவிஸ் அதுக்கு முந்தின வாரம் ஒரு சீட்டுக் கட்டைக் கொண்டுவந்தா. "எந்த வருஷத்ததுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு கிளிஃபர்ட். எங்கப்பா வாங்கிக் கொடுத்தது"ன்னா.

அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போது சண்டையில குண்டு விழுந்து அவங்க வீடு தரைமட்டம். பதுங்கு குழிக்குள்ள விளையாட வச்சிருந்த இந்தக் கட்டுதான் தப்பிச்சுது. அதுல பட்டாளத்துச் சமையல்காரர் சீட்டு மட்டும் தொலைஞ்சுபோச்சு. பட்டாளத்துலேர்ந்து லீவுல வந்த அப்பா, பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, பென்சிலால தன் மூஞ்சியையே சமையல்காரரா வரைஞ்சு, கீழ "மேவிஸ், ஏமாத்தாம ஆடு"ன்னு எழுதிக் கொடுத்தார். அப்புறம் இத்தாலிக்குப் போனவர் திரும்பவே இல்ல. ஒரு போட்டோகூட மிஞ்சல. அப்பா மூஞ்சின்னு அவகிட்ட இருந்தது அந்த அட்டை ஒண்ணுதான்.

இத்தனையும் அவ சொல்லும்போது, இந்த மடையன் பூதக்கண்ணாடியில முதுகுக் கோலத்தைப் பார்த்துக்கிட்டு "ம்ம், ம்ம்"னு தலையாட்டினான்.

சனிக்கிழமை கட்டைக் கொடுக்கும்போது மூஞ்சியெல்லாம் பல்லு. "நாற்பதாம் வருஷத்தது, மேவிஸ். அதைவிடப் பெரிய சந்தோஷம், இப்ப இது முழுக் கட்டு!"

மேவிஸ் ஒவ்வொண்ணா புரட்டினா. நடுவுல கை நின்னுபோச்சு. வெள்ளைத் தொப்பி போட்ட அச்சுச் சமையல்காரர் ஒருத்தர் ஈன்னு இளிச்சுக்கிட்டிருந்தார்.

"எங்கப்பா எங்க?"

"அந்த பிஸ்கட் அட்டையா? போலிச் சீட்டு கிடந்தா கட்டுக்கு மரியாதை இல்ல. என்கிட்ட உபரியா இருந்த அசலைப் போட்டிருக்கேன்."

"அதை எங்கடா வச்ச?"ன்னு நான் கத்தினேன்.

"குப்பையில போட்டேன்க்கா. வியாழக்கிழமையே வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு. எதுக்கு இந்தக் குதி குதிக்கிற? நல்லதுதானே செஞ்சேன்?"

நல்லதாம்! பாவிப் பயலே! அப்பதான் கையை ஓங்கினேன். மேவிஸ்தான் பிடிச்சு நிறுத்தினா.

அவ அழல. கட்டை அடுக்கி மேஜைமேல வச்சா. "நீயே வச்சுக்கோ கிளிஃபர்ட். இதுல இருக்கிற யாரையும் எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டா.

இவன் என்ன செஞ்சான் தெரியுமா? "பெட்டியோட முழுக் கட்டு, அதுவும் சும்மாவே..."ன்னு முணுமுணுத்துக்கிட்டுப் பையில போடப் போனான். நான் வெடுக்குன்னு பிடுங்கி, அந்த இளிக்கிற சமையல்காரரை உருவி ரெண்டாக் கிழிச்சேன்.

"ஐயோ, அசல்க்கா அது!"ன்னு அலறினான். மேவிஸ் போகும்போது வராத கண்ணீர் அப்ப வந்துச்சு அவனுக்கு.