நிற்காத சொல்

நன்னடத்தைச் சான்றிதழ்ப் பிரிவில் தட்டச்சாகும் தாள்களிலிருந்து 'நேர்மையானவர்' என்ற சொல் மட்டும் மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடும். மூன்றாண்டுகளாக இப்படித்தான். மற்றச் சொற்கள் அசைவதில்லை. ஒழுக்கமும் பணிவும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். முதலில் ரிப்பனை மாற்றினார்கள், பிறகு தாளை, பிறகு பிரிவுத் தலைவரை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு அடித்தது உறைக்குள் போவதற்குள்ளேயே போயிற்று. மக்களும் பழகிக்கொண்டு, காலையில் வாங்கிய தாளை நான்கு மணிக்குள் காட்டிவிட ஓடினார்கள்.

தட்டச்சு செய்பவளின் தம்பிக்கு அந்த வசதி இல்லை. துறைமுகக் கிடங்கின் காவல் வேலைக்கு மறுநாள் காலையில்தான் வரச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல் இல்லாத தாளை அங்கே தொடமாட்டார்கள். ஒன்றரை வருடமாக வேலையில்லாதவன் அவள் மேசையருகே நின்றான்.

"கொஞ்சம் அழுத்தி அடிக்கா."

"நீதிபதிக்கே நிக்கல. உங்க தம்பிக்கு ஆணி அடிச்சாத்தான் உண்டு," என்றார் கோப்பு கட்டுபவர்.

மூன்று முறை அடித்தாள். அன்று அது நான்கு மணிவரைகூடக் காத்திருக்கவில்லை. அந்தத் தாளை உருவி எடுத்தாள். பிறகு புதுத்தாளைச் செருகினாள்.

"என்னக்கா எழுதப் போற?"

"நடந்தத."

"அப்புறம் எவன் வேலை குடுப்பான்?"

முன்பு காவலிருந்த கிடங்கின் கதவைப் பூட்ட மறந்து மழையில் சரக்கை நாசமாக்கியவர் இவரே என்று அடித்தாள். பழியை உடனிருந்த காவலாளிமேல் போட்டார். எட்டாம் நாள் தானே போய் உண்மையைச் சொல்லி வேலையை இழந்தார். அந்த ஏழு நாளும் வாயைத் திறக்காதே என்று அவரைத் தடுத்தது, இதை எழுதும் அக்காவாகிய நான். 'நேர்மையானவர்' என்ற சொல்லை அவள் அடிக்கவே இல்லை.

கையெழுத்திட்டதும், சுவரில் ஈரம் ஊறுவதுபோல் தாளுக்குள்ளிருந்து அது ஒவ்வோர் எழுத்தாக மேலே வந்தது. தம்பியின் பெயருக்கும் அவள் கையெழுத்துக்கும் நடுவில் நின்றது. யாரைச் சொல்கிறது என்று தெரியவில்லை. கோப்பு கட்டுபவர் கயிற்றைக் கீழே வைத்தார். பிரிவுத் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஏனென்று தெரியாமலே எல்லோரும் எழுந்தார்கள். நான்கு மணி ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. சொல் போகவில்லை.

மறுநாள் துறைமுக அதிகாரி தாளை இரண்டுமுறை படித்தார், சொல்லைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், தம்பியிடம் சாவிக்கொத்தை நீட்டினார்.

அதன்பின் பிரிவில் யாரும் அந்தச் சொல்லை அடிப்பதில்லை. படிவத்தின் அடியில் ஒரு வரி காலியாக விடப்படுகிறது. சில தாள்களில் சொல் தானாக வருகிறது, பலவற்றில் வருவதில்லை. எதுவானாலும் முத்திரை குத்தி, அடுத்தவரை அழைக்கிறார்கள்.