பச்சை டிக்

எதிர் வீட்டு வெப்சைட்காரர் கஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். தெருவே சொல்லும்போது நான் வேறு எதற்கு? முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டரைப் போட்டு அதற்கு ஆபீஸ் என்று பெயர் வைத்திருந்தார். உள்ளே படம் வரைவது, நிறம் பார்ப்பது, பக்கம் கோர்ப்பது எல்லாம் அவர் பெண்டாட்டி. வாசல் பலகையில் அவர் பெயர் மட்டும். பெரிய ஆர்டர் ஒன்று வந்தால் அவள் பெயரையும் சேர்ப்பதாகக் கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பலகையின் கீழ்ப்பாதி அதற்காகக் காலியாகக் கிடந்தது. காலையில் அவள் அந்தப் பாதியைத்தான் முதலில் துடைப்பாள். ஜன்னல் இருப்பது பார்க்கத்தானே, பார்த்தேன்.

மாதச் சந்தா கட்டும் கிராஃபிக்ஸ் சாஃப்ட்வேர் வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கிக் கொடுத்தார். எந்த பட்டன் எங்கே என்று தெரியாமல் தட்டுத்தடுமாறி அதையும் கற்றுக்கொண்டாள். வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் சொல்லும் பெருமை ஒன்றுதான்: "சாஃப்ட்வேரும் ஃப்ரீ, ஆளும் ஃப்ரீ."

ஒரு பெரிய ஆஸ்பத்திரி வெப்சைட் செய்ய ஆள் தேடியது. தர விதிகளைக் கடைப்பிடிப்பவருக்கே வேலை என்றது. அதில் ஒரு விதி, ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அதில் இருப்பது என்ன என்று எழுதவேண்டும். அது திரையில் தெரியாது. கண் தெரியாதவர்களுக்கு மெஷின் வாசித்துச் சொல்லும். சாம்பிளுக்கு இவர்களுடைய சொந்த வெப்சைட்டையே பார்ப்பதாக ஏற்பாடு. நானே எழுதுகிறேன் என்றாள் அவள். நீ இழுத்தடிப்பாய் என்று அவரே உட்கார்ந்தார். விதிகளைச் சோதிக்கவும் ஒரு இலவசக் கருவியைப் பிடித்திருந்தார். அது எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், என்ன எழுத்து என்று பார்க்காது. இருந்தால் பச்சை டிக். டைப் அடித்தபடி அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்து, பாவம், வேலைப்பளு என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாற்காலி போதவில்லை. என் வீட்டு நாற்காலியைக் கொண்டுபோனேன். கொண்டுபோனதால் அதில் நானே உட்கார்ந்தேன். ஒரு அதிகாரியும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும் வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது என்பது, அவர் செல்போனை எடுத்து வெப்சைட்டை வாசிக்கவிட்டபோதுதான் வெப்சைட்காரருக்கு உறைத்தது.

செல்போன் முதலில், "உரிமையாளர். பேரழகன்," என்றது. அதிகாரி சிரித்தார். அடுத்த படத்துக்கும் அதே குரலில், "இலவச சாஃப்ட்வேர். பத்து வருஷமா ஓடுது. அப்டேட் கிடையாது, சத்தம் மட்டும் அதிகம்," என்றது.

"இது யாரோட படம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அது சும்மா டெமோ மேடம்," என்றார் இவர்.

டீ தட்டோடு நின்றவள், "நான்தாங்க அது," என்றாள்.

அந்த அம்மா குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு, படத்துக்கு எழுத்து இருக்கவேண்டும் என்பதுதான் விதி, எழுத்து இருக்கிறது, மற்றது எங்கள் வேலையில்லை என்றார். ஆர்டர் கிடைத்துவிட்டது.

பலகைக்குப் பெயிண்டர் வந்தான். கீழ்ப்பாதியில் 'ஆஸ்பத்திரி வெப்சைட் நிபுணர்' என்று எழுதினான். அவள் வாசலுக்கு வந்து, "என்னங்க, என் பேரு?" என்றாள்.

"கஸ்டமர் முன்னாடி என் மானத்த வாங்கினவளுக்குப் பேரு ஒரு கேடா?" என்றார், பெயிண்டர் காதில் விழும்படி.

அவள் உள்ளே போய் வேலையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வெப்சைட்டை முழுக்க அவளே முடித்தாள். படங்களுக்குப் பின்னாலுள்ள மறைவு எழுத்தும் அவள்தான். கடைசிப் பக்கத்தில் கோட்டு போட்ட அவருடைய படம். அதைக் காட்ட அவர் என் வீட்டுப் படியேறி வந்தார்.

"எப்படிக்கா இருக்கு? கருவி வச்சும் பாத்துட்டேன், அத்தனையும் பச்சை டிக்."

நல்லா இருக்கு தம்பி என்றேன். செல்போனை வாசிக்கவிடுவது எப்படி என்று அவள் எனக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தாள். அவர் படி இறங்கியதும் அந்தப் படத்தை இன்னொரு தடவை வாசிக்கவிட்டுக் கேட்டேன்.

"காதோர முடியை வழுக்கைமேல் இழுத்துச் சீவிய ஆண். இந்த வெப்சைட்டில் இவர் செய்த வேலை, இந்தப் படத்துக்கு நின்றது மட்டும்."

கறுப்புக் கண்ணாடி அம்மாவும் கேட்டிருப்பார். இதுவரை மாற்றச் சொல்லவில்லை.