இடதுகை ஆண்டவர்

இடதுகையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறார் ஆண்டவர், காற்றில் திரை உப்பும்போது அவர் கையும் உப்பிப் பெரிதாகிறது, காற்று அடங்கினால் வற்றிச் சுருங்கி மறுபடி ஐந்து விரல்களாகிறது, விரல்களுக்கு நடுவே ஒரு விட்டில் புகுந்து பறக்கிறது, கோயில் கொடிமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டிய திரை அது, இல்லை, திரை இல்லை, மதலேன்மேல் போர்த்தியிருக்கிற துணி, வாசலிலிருந்து ஈரக்காற்று வந்து அதை லேசாகத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, மூச்சு விடுகிறாளோ என்று ஒவ்வொரு தடவையும் இன்னாசிக்கு நெஞ்சு திடுக்கென்கிறது, அப்புறம் ஞாபகம் வருகிறது, விடியும்போதே அவள் போய்விட்டாள். வெளியே ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பெண்டாட்டி என்று வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சேலை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை, என்னைய ஈரத்துல மட்டும் போட்ராதீக, காஞ்ச மண்ணுல போடுங்க என்பாள், சோறு போடும்போது சொல்வாள், சினிமா பார்த்துவிட்டு நடந்து வரும்போது சொல்வாள், காய்ச்சலில் கிடந்த இந்த வாரம் வேறெதுவுமே சொல்லவில்லை. இப்படி ஒரு மழையில்தான் அவர்களுடைய தலைப்பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் கீழத்தெருக்காரர்களுக்கு ஒதுக்கிய கீழப்பக்கத்தில் புதைத்தார்கள், கண்மாய்த் தண்ணீர் கசிகிற பள்ளம் அது, குழிக்குள் விட்ட சின்னப் பெட்டி மிதந்து மேலே வந்தது, கம்பால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் மண் தள்ளினார்கள், பெண்கள் வரக்கூடாது என்று தடுத்தும் மதலேன் வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அந்தக் கம்பு அவள் கண்ணை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

திரைக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைச் சட்டமாகச் சொன்னதில்லை. தவக்காலத்தில் வெள்ளைக்காரச் சாமியார் ஜீப்பில் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்து ஏசுவின் பாடுகளைப் படமாகக் காட்டுவார், மெஷின் இருக்கிற பக்கம் மேலத்தெரு உட்காரும், கீழத்தெரு திரைக்குப் பின்னால், பின்னாலயும் பளிச்சுன்னுதாண்டா தெரியுது, போங்க போங்க என்று உபதேசியார் மாட்டை விரட்டுவதுபோலக் கையை வீசுவார். தெரிந்தது உண்மைதான், துணி மெல்லிசு, ஆனால் எல்லாம் திரும்பித் தெரிந்தது. ஆண்டவர் இடதுகையால் அப்பத்தைப் பிட்டார், இடதுகையால் குருடன் கண்ணைத் தொட்டார், இடதுகையால் ஆசீர்வதித்தார், கீழத்தெருப் பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே இடதுகையால் சிலுவை போட்டுப் பழகிவிட்டார்கள், பீச்சாங்கையாலயா சிலுவை போடுற மூதேவி என்று உபதேசியாரின் பிரம்பு பேசும், ஏன் அடிக்கிறார் என்று ஒருவனுக்கும் விளங்காது. ஒருநாள் ஞானோபதேச வகுப்பில், மோட்சத்துக்குப் போன நல்ல கள்ளன் எந்தப் பக்கம் தொங்கினான் என்று கேட்டார், இன்னாசி எழுந்து இடது பக்கம் சாமி என்றான், வலது பக்கம்டா, இடது பக்கம் நிக்கிறவனெல்லாம் நரகத்துக்குப் போறவன் என்று கையை நீட்டச் சொல்லி விளாசினார், அப்போது பெண்கள் வரிசையிலிருந்து எலும்பும் தோலுமாக ஒரு சிறுமி எழுந்து, நாங்களும் இடது பக்கந்தான் பாத்தோம் என்றாள், அவளுக்கும் விழுந்தது. அன்றைக்குத்தான் மதலேன் என்று ஒருத்தி இருப்பதை இன்னாசி பார்த்தான். பிறகு அவன் வளர்ந்து, விவரம் தெரிந்து, திரையின் சூட்சுமம் புரிந்து, அவளுக்கு விளக்கிச் சொன்னபோது அவள் அசரவே இல்லை, அவுகளுக்கு அவுக ஆண்டவரு, நமக்கு நம்ம ஆண்டவரு, நம்மாளு இடதுகைக்காரரு என்று சிரித்தாள், கோயிலில் வலதுகையால் சிலுவை போடுவாள், வீட்டில் தனியாக ஜெபிக்கும்போது இடதுகையால். விசுவாசம் என்றால் இன்னாசிக்குத் தெரிந்தது அந்தக் கைதான்.

அவள் கேட்ட காய்ந்த மண்ணை நினைத்துக்கொண்டுதான் இன்று காலையில் அவர் இளவயதுப் பங்குச்சாமியாரோடு மேலத்தெருவுக்குப் போனார். ஊர்க்கமிட்டித் தலைவர் சூசைநாதர் இன்னாசிக்கு ஒரு வயது இளையவர், சாமியாருக்கு நாற்காலி போடச் சொன்னார், இன்னாசி தூவானத்தில் நின்றார், ஏ இன்னாசி, மதலேன் போயிட்டாளாமே, நல்ல மனுசி என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். ஐயா, கீழப்பக்கம் தோண்டத் தோண்டத் தண்ணி வருது, செவுத்துக்கு மேலப்பக்கம் மூலையில ஒரு ஆளு இடம் குடுத்தாப் போதும், அவ ஒண்ணும் கேட்டதில்ல, இது ஒண்ணுதான் கேட்டா என்றார் இன்னாசி. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே மார்பளவு சுவர் ஒன்று உண்டு, சுவருக்கு மேலப்பக்கம் மேடு, செம்மண், எந்த மழைக்கும் ஒரு முழத்துக்குக் கீழே பொருபொருவென்று காய்ந்து கிடக்கும், அது இன்னாசிக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும், அங்கே இருக்கிற குழிகள் எல்லாம் கீழத்தெருக் கைகள் வெட்டியவை, சூசைநாதரின் அப்பாவுக்கு வெட்டியதே இன்னாசிதான். சூசைநாதர் காபியை ஆற்றினார், எனக்கென்னப்பா, நாளைக்கு ஊரு என்னையக் கேக்கும்ல, செத்தப்பெறகு ஈரமென்ன காஞ்சதென்ன, ஆத்துமா மேல போயிருச்சு, சின்னப் பிள்ளையில படம் பாத்தோமே, நாங்க இங்கிட்டு நீங்க அங்கிட்டு, பாத்தது ஒரே படந்தான, கும்புடுறது ஒரே ஆண்டவரத்தான என்றார். ஒரே படமில்லை என்று இன்னாசிக்குத் தொண்டைவரை வந்தது, உங்கள் ஆண்டவருக்கும் எங்கள் ஆண்டவருக்கும் கைகூட ஒத்துப்போகவில்லை என்று சொல்லியிருக்கலாம், மென்று முழுங்கிவிட்டார், இடம் கேட்டு வந்தவன் வாய் பேசக்கூடாது. சாமியார் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தார், அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார், திரும்பும்போது குடையை இன்னாசியின் பக்கம் சாய்த்துப் பிடித்து, ஐயா, நானும் கீழத்தெருக்காரன்தான், வேற ஊர்ல, நான் வாயத் திறந்தா என்னைய மாத்திருவாங்க, அப்புறம் உங்க வீட்டுல வந்து ஒருவாய் தண்ணி குடிக்கிற இந்தச் சாமியாரும் இருக்கமாட்டான் என்றார், சொல்லும்போது அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கியது. இன்னாசிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டு வாசலில் தோழர் பரமசிவம் காத்திருந்தார், பஸ் கம்பெனி யூனியனில் இருந்தவர், இன்னாசியைக் கட்சிக்குக் கூட்டிப்போனவர், கூட்டிப்போனது என்னவோ சினிமாதான். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்துத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தால் இருட்டில் பக்கத்தில் இருப்பது எந்தத் தெரு என்று தெரியாது, முதன்முதலாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து படம் பார்த்தது அங்கேதான், கதாநாயகன் வலதுகையில் கத்தி வீசியதும் இன்னாசிக்கு ஏதோ கோளாறாகப் பட்டது, இடைவேளையில் எழுந்து திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார், அங்கே ஓலைத் தட்டியும் மூத்திர வாடையும்தான் இருந்தன, திரும்பி வந்தபோது பக்கத்தில் மணல் குவித்திருந்த பரமசிவம், என்ன தோழர், படத்தப் புரட்டிப் பாக்கப் போனீங்களா என்று சிரித்தார், தோழர் என்று இன்னாசியைக் கூப்பிட்ட முதல் ஆள். அதற்குப் பிறகு எத்தனை படங்கள், பண்ணையாரைத் தூக்கிப்போட்டு மிதிக்கிற படமென்றால் இன்னாசி மூன்று முறை பார்ப்பார், அழுகைப் படமென்றால் மதலேனைக் கூட்டிப்போவார், அவளும் அழுவாள், அவரும் இருட்டைச் சாக்கிட்டு அழுவார். ஆனால் மனசில் தங்கியது யூனியன் ஆபீஸில் போட்ட வெளிநாட்டுப் படம் ஒன்று, பேர்கூடத் தெரியாது, ஒரு கிழவி ஆற்றங்கரையில் படகுக்குக் காத்திருக்கிறாள், படம் முழுக்கக் காத்திருக்கிறாள், படகு வருகிறது, அவளை ஏற்றாமல் போகிறது, அவ்வளவுதான் கதை, பரமசிவம் குறட்டையே விட்டுவிட்டார், எழுந்ததும் படத்தில் வர்க்கப் பார்வை இல்லை என்றார், மதலேன் மட்டும் வழி நெடுக, அந்தப் பொம்பளைக்கு ஒரு வாய் கஞ்சி குடுக்க அந்தக் கரையில ஒருத்தனுமில்லையே என்று புலம்பிக்கொண்டு வந்தாள். கட்சியில் இன்னாசியைச் சாமித் தோழர் என்று கேலி செய்வார்கள், கோயிலில் கம்யூனிஸ்டு என்பார்கள், இரண்டு இடத்திலும் கடைசி வரிசைதான், இருந்தாலும் இரண்டையும் அவர் விடவில்லை, சப்பரம் கீழத்தெருவுக்கும் வரவேண்டும் என்று கேட்டபோது பரமசிவம் பக்கத்தில் நின்று தடியடி வாங்கியது பொய்யில்லை, அடுத்து வந்த தேர்தலில் கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு மேலத்தெருவில் ஓட்டுக் கேட்டதும் பொய்யில்லை. இப்போது அதே பரமசிவம் இன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டியக் கல்லறைக்கு எடுக்காதீங்க தோழர், ரோட்டுல வைப்போம், கலெக்டர் வந்து இடம் குடுத்தாத்தான் எடுக்கிறது என்றார். மதலேன் நடுரோட்டில் பிளாஸ்டிக் தாளுக்கடியில் மழையில் கிடப்பது கண்ணில் வந்து போனது, ஆனாலும் காய்ந்த மண் கிடைக்குமென்றால் ஒருநாள் நனையட்டும் என்று, சரி தோழர் என்றார் இன்னாசி. தெரு மொத்தமும் எழுந்து நின்றது. பரமசிவம் மாவட்ட ஆபீஸுக்குப் போன் போட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்று பேசினார், பேச்சு குறைந்து ம் ம் என்று கேட்பது மட்டும் மிஞ்சியது, திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், எலக்சன் முடியட்டுங்கிறாங்க தோழர், கூட்டணி வேட்பாளர் சூசைநாதருக்குச் சொந்தக்காரராம் என்றார். மதலேன் எலக்சன் வரைக்கும் தாங்கமாட்டா தோழர் என்றார் இன்னாசி.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், மழை விட்டிருக்கிறது, கல்லறைத் திருநாளுக்கு மேலப்பக்கம் பூசிய சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக இருக்கிறது, கீழப்பக்கத்தில் ஆள் மாற்றி ஆள் வாளியால் குழித் தண்ணீரை இறைக்கிறார்கள், இறைக்க இறைக்க ஊறுகிறது. இன்னாசி யாரிடமும் சொல்லாமல் சுவரேறி மறுபக்கம் குதித்தார், வாசலில் காவலுக்கு நின்ற மேலத்தெரு இளவட்டங்கள் ஓடி வந்தார்கள், ஏ பெருசு, என்ன எடுக்கிற என்றான் ஒருவன், மண்ணு தம்பி என்றார் அவர், அவன் ஒதுங்கி வழிவிட்டான். சூசைநாதரின் அப்பா கல்லறைக்குச் சிமெண்டுக் கூரை உண்டு, அதற்கடியில் முழங்கால் போட்டு, மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளி, சூடு மாறாத செம்மண்ணை இரண்டு கையாலும் அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு திரும்பினார், மூடியைத் திறக்கச் சொல்லி அவள் பாதத்துக்கடியில் அதைப் பரப்பினார், காஞ்ச மண்ணு புள்ள, இவ்வளவுதான் முடிஞ்சது என்று அவள் காதில் சொன்னார், சொன்னபோது அழுகை வந்துவிட்டது, மூடி ஆணியடித்தார்கள்.

சாமியார் குழிக்கு எதிர்ப்பக்கம் ஒரு பலகைமேல் நின்று தீர்த்தம் தெளித்து வலதுகையைத் தூக்குகிறார், இன்னாசி அவரைப் பார்க்கவில்லை, குனிந்து குழியைப் பார்க்கிறார், இறைப்பதை நிறுத்தியதும் தண்ணீர் ஊறி அசையாமல் நிற்கிறது, அதற்குள் தலைகீழாக ஒரு வெள்ளை அங்கி, இடதுகையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறது. வந்துட்டீகளா என்று அவருக்குள் ஒரு கணம் பையன் இன்னாசி துள்ளினான், மறுகணமே வயிறெரிந்தது, நீங்க எப்பவும் எங்க பக்கந்தான் சாமி, அதுக்கென்ன, எங்களோட சேந்து பள்ளத்துல கெடக்கிறீக, ஒருநாளாவது எங்களை அங்கிட்டுத் தூக்கிவிட்டீகளா. கயிற்றில் பெட்டி இறங்கியது, வெள்ளை அங்கி உடைந்து சிதறியது, கயிற்றை உருவியதும் பெட்டி மிதந்து மேலே வந்து குழியின் ஓரத்தில் மெல்ல முட்டியது, யாரோ கம்பு எடுத்து வந்தார்கள். கம்பு வேண்டாண்டா என்று இன்னாசி கத்தியதில் எல்லாரும் பின்வாங்கினார்கள், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார், இடுப்புவரை ஜில்லென்று தண்ணீர், பெட்டிமேல் மார்பைச் சாய்த்து, காய்ச்சலில் அவளை அணைத்துப் படுத்ததுபோல் அணைத்து அழுத்தினார், தள்ளுங்கடா என்றார், ஐயா மேல வாங்க என்று சாமியார் அழுகிறார், தள்ளுங்கடா என்கிறார் இன்னாசி, மண் விழுகிறது, அவர் முதுகிலும் விழுகிறது, பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போகிற சத்தம் அவர் காதுக்கு மட்டும் கேட்கிறது, துண்டில் முடிந்து வந்த அந்த மண்ணும் இந்நேரம் நனைந்திருக்கும், பெட்டி கனத்து அவருக்குக் கீழே இறங்குகிறது. வலதுகையால் அதை அழுத்திக்கொண்டே, பிரம்புக்கு முந்தின நாள்களில் போட்டதுபோல, இடதுகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி அவளுக்குச் சிலுவை போடுகிறார், குளிரில் விரல்கள் உப்பியிருக்கின்றன, சுற்றி நிற்கிற கீழத்தெருக்காரர்கள் ஒவ்வொருவராக இடதுகையைத் தூக்குகிறார்கள்.