அதிகாரி பார்க்க வந்த விளையாட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் குணசேகரனுக்கு ஒரு கட்டடம்; கீழே இரும்பு கிரைண்டிங் பட்டறை, மாடியில் நான்கு கம்ப்யூட்டர். பட்டறையில் சம்பாதித்ததை எல்லாம் மாடியில் கொட்டி, சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீடியோ கேம் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். மென்பொருள் ஏற்றுமதிக்கு வரிவிலக்கு உண்டென்று தெரிந்து மனுப் போட்டார். கிடைத்தால் மாடி பிழைக்கும், கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே பூட்டுதான். நேரில் பார்க்க அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்ததிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் கடைகளுக்குக் கேளிக்கை வரி போடுகிறார்கள். தன்னையும் அதில் சேர்த்துவிட்டால்? விலக்குக் கேட்கப் போய்ப் புது வரியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியதுதான்.

அதிகாரி வரும் நாள் காலையிலேயே அஷ்ரஃபுன்னிசாவைக் கூப்பிட்டார். பூந்தமல்லியிலிருந்து வேலைக்கு வரும் பெண், எட்டு மாதம் உட்கார்ந்து அந்த கேமை எழுதியவள். நான்கு கம்ப்யூட்டரிலும் அதை அழித்துவிட்டுச் சம்பளக் கணக்குப் போடும் புரோகிராமை ஏற்றச் சொன்னார். மனுவிலேயே கேம் என்றுதானே எழுதியிருக்கிறோம் என்று அவள் தயங்கினாள்.

"மனுவ யாரும்மா படிக்கிறாங்கோ? ஸ்க்ரீன்ல கொரங்கு குதிச்சிகினு கீதுன்னா அவரு இன்னா நெனப்பாரு?"

அவள் கேமை இரண்டு ஃப்ளாப்பியில் எடுத்துவிட்டுத்தான் அழித்தாள். அவற்றையும் மேலே வைத்திருக்க அவருக்கு மனசு கேட்கவில்லை. தானே கீழே கொண்டுபோய் ஒளித்துவிட்டு வந்தார்.

பதினொரு மணிக்கு அதிகாரி பார்த்தசாரதி வந்தார். சம்பளக் கணக்கைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்தார். மனுவில் வரிக்கு வரி பென்சில் கோடு போட்டிருந்தது.

"கேமுக்கும் விலக்கு உண்டான்னு மேலிடத்துக்கு எழுதி, உண்டுன்னு பதில் வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். அதை ஓட்டிக் காட்டுங்க, போதும்."

வெட்கமும் சந்தோஷமுமாக குணசேகரன் படியிறங்கி ஓடி, ஃப்ளாப்பிகளோடு வந்தார். முதலாவதைப் போட்டார்கள். கரகரவென்று சுற்றிவிட்டு, படிக்க முடியவில்லை என்றது கம்ப்யூட்டர். இரண்டாவதும் அதையே சொன்னது. எங்கே வைத்திருந்தீர்கள் என்று அஷ்ரஃபுன்னிசா மெல்லக் கேட்டாள்.

"கிரைண்டிங் மெஷின்ல இரும்பப் புடிச்சிக்கிற மேக்னட் மேலம்மா. அங்க யாரும் கை வெக்க மாட்டாங்கோ."

இரும்பைத்தானே பிடிக்கும், பிளாஸ்டிக்கை மேக்னட் என்ன செய்துவிடும் என்று, இருபது வருடம் இரும்போடு பழகியவருக்குத் தோன்றியிருக்கிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேக்னட் எல்லாத்தையும் தொடச்சிடுச்சு சார்."

சிங்கப்பூருக்குப் போன பிரதியைத் திருப்பி வாங்கிக் காட்டுகிறேன் என்று குணசேகரன் கெஞ்சினார். பார்த்தசாரதிக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஆய்வு ஒரு வருடம் கழித்துத்தான் என்றும், இன்று கண்ணால் பார்த்ததைத்தான் தான் எழுத முடியும் என்றும் சொன்னார். நேரில் பார்வையிட்டபோது இந்த நிறுவனத்தில் விளையாட்டு எதுவும் இல்லை என்று எழுதி, கையெழுத்துக்காகக் காகிதத்தைத் தள்ளினார்.

குணசேகரன் இரண்டு தடவை படித்தார். மறுக்க ஒரு எழுத்துகூட இல்லை. கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.