ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்கள்

பூங்குறிச்சியில் இருபத்தொரு வயது நிறைந்தவர்களுக்கு, பிறந்த மாதத்தின் கல் நெற்றியில் முளைக்கும். மூன்று தும்மல் வரும். மூன்றாவது தும்மலில் கல் பொட்டு வைக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். கூடவே அதன் குணமும் வந்துவிடும். ஏப்ரல்காரர்களுக்கு வைரம், தலைகீழாய் நின்றாலும் அவர்களை வளைக்க முடியாது. கோமேதகம் வந்த ஜனவரிக்காரர்கள் விசுவாசிகள். சிநேகிதன் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நிற்பார்கள். செப்டம்பர் நீலக்கல் உண்மையைத் தவிர வேறு எதையும் பேச விடாது. அதனால் கல்யாணப் பந்தியில் செப்டம்பர்காரர்களைச் சமையல்காரர் காதுக்கு எட்டாத மூலையில் உட்கார வைப்பார்கள்.

ஆனால் பெற்றவள் சொல்லும் தேதி கல்லுக்குச் செல்லாது. பள்ளிக்கூடச் சான்றிதழ் சொல்வதுதான் செல்லும். ஊரில் இருந்ததோ ஒரே பள்ளிக்கூடம், ஒரே தலைமையாசிரியர், அருளப்பன் சார். சேர்க்க வந்த பிள்ளையிடம், "வலது கையால தலையைச் சுத்தி இடது காதைத் தொடு" என்பார். தொட்டுவிட்டால் அஞ்சு வயசு ஆச்சு என்று அர்த்தம். பிறந்த தேதி ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். முப்பது வருடம் இப்படியே எழுதினார்.

ஜூனுக்கு முத்து. முத்துக்குப் பொறுமை. ஆகவே ஊரில் முக்கால்வாசிப் பேர் பொறுமைசாலிகள். பஸ் வந்தால், "நீங்க ஏறுங்க", "இல்லை, நீங்க முதல்ல ஏறுங்க" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்பார்கள், பஸ் காலியாகப் போய்விடும். முடிவெட்டப் போனவர்கள் முறை வருவதற்குள் சடை பின்னிக்கொண்டு திரும்பினார்கள்.

இந்தப் பொறுமைதான் பவுனுத்தாயின் கழுத்தை அறுத்தது. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த அவளுக்கு, எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கோமதிநாயகத்தின் மேல் ஆறு வருடமாக ஆசை. இருவரும் முத்துக்காரர்கள். செவ்வாய்க்கிழமை தோறும் அவன் பட்டன் அறுந்த சட்டையோடு வருவான். அவள் தைத்துக் கொடுப்பாள். அவன் சொல்லட்டும் என்று அவளும், நேரம் வரட்டும் என்று அவனும் இருந்தார்கள்.

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி காலையில் அவன் தங்கை வந்தாள். "அக்கா, என் ஜாக்கெட்டை இன்னைக்கே குடுத்துருங்க. நாளைக்கு அண்ணனுக்குப் பொண்ணு பாத்துப் பூ வைக்கப் போறோம்."

பவுனுத்தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முத்து விடவில்லை, கண்ணீர் இமையோரத்தில் வரிசை கட்டி நின்றது. அவள் பொறுமையாக ஐந்து கொக்கிகளையும் தைத்துக் கொடுத்துவிட்டு, கடையைச் சாத்தினாள். "ஒண்ணும் செய்யப் போறதில்லை. சார் வீட்டு வாசல்ல போய்க் காத்துக் கிடக்கத்தான் போறேன்" என்று முத்திடம் சொன்னாள். காத்துக் கிடப்பதற்கு முத்து என்றைக்குமே தடை சொன்னதில்லை.

மதியம் அருளப்பன் சார் கதவைத் திறந்தார்.

"சார், நான் ஜூன் இல்லை. ஆடி மொத வெள்ளியில பொறந்தேன்னு அம்மா சொல்லும். கூழ்ப்பானை கழுவுறப்ப வலி வந்துச்சாம்."

"அப்ப ஜூலை. மாணிக்கம்மா அது. சும்மா இருக்க விடாது. தாங்குவியா?"

"தெரியலை சார். எழுதுங்க."

சார் பழைய பேனாவை எடுத்து, அவள் கொண்டுவந்த சான்றிதழில் ஜூனை அடித்து ஜூலை என்று எழுதினார். முத்து அவருடைய காபி டம்ளருக்குள் விழுந்தது. பவுனுத்தாய் மூன்று முறை தும்மினாள். நெற்றியில் மாணிக்கம் சிவந்து எழுந்தது.

"என்ன சார் இது, இப்படிப் புழுங்குது!" என்றாள். மூன்று வருடமாக ஓடாத மின்விசிறி பயந்துபோய்ச் சுற்றியது.

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். மாடுகள் ஒதுங்கின. ஜெராக்ஸ் கடைப் படியில் ஏறியவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"பட்டனெல்லாம் தானா அறுந்துச்சா?"

"இல்லை. நான்தான் அறுத்தேன்" என்றான் கோமதிநாயகம்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"அதைக் கேக்கத்தான் நல்ல நேரம் வரட்டும்னு..."

"வந்தாச்சு. கடையைப் பூட்டுங்க."

அவனுக்கு ஆறு வருடச் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தது. பூட்டைத் தலைகீழாகப் பூட்டினான்.

சார்பதிவாளர் மெகருன்னிசா மேடம் ஏப்ரல்காரர். நெற்றியில் வைரம். "முப்பது நாளுக்கு முன்னாடி அறிவிப்பு ஒட்டணும். விதி விதிதான்" என்றார். மாணிக்கம் முறைத்தது. மேசை லேசாகப் புகைந்தது. வைரம் அசையவில்லை.

"நாளைக்கு இவருக்குப் பூ வச்சிருவாங்க மேடம். நான் செத்துருவேன்" என்றாள் பவுனுத்தாய்.

மேடம் பதிவேட்டைப் புரட்டினார். "இருபத்தொன்பது நாலு வருசத்துக்கு ஒருக்க வருது, அதனால அதுக்கும் விதி உண்டு. பிப்ரவரி முப்பது வர்றதே இல்லை. வராத தேதிக்கு விதி கிடையாது. அதுல பண்ணிக்கிறீங்களா? பின்கதவு வழியாப் போகணும்."

போனார்கள். முப்பதாம் தேதி நல்ல வெயிலாக இருந்தது. தெருவில் ஆளே இல்லை; பஸ் சரியான நேரத்துக்கு வந்து நின்றது. தாலியை மேடம் எடுத்துக் கொடுத்தார். கோமதிநாயகம் பொறுமையாக முடிச்சுப் போட்டதில் மூன்று முடிச்சுக்கும் ஒரு பொழுது ஆனது. பவுனுத்தாய் அந்தப் பொழுது முழுக்க வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் ஒன்றாம் தேதி விடிந்ததும் மாப்பிள்ளையைக் காணோம் என்று அவன் அம்மா பூத்தட்டோடு பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தார்.

"கல்யாணம் முப்பதாம் தேதியே முடிஞ்சிருச்சு. இப்ப மறுவீடு. முப்பத்தொண்ணாம் தேதிக்குப் போயிருக்காங்க" என்றார் மேடம்.

"அப்ப விருந்து?"

"முப்பத்திரண்டு."

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அதுக்குள்ள இலை வாங்கணுமே. மார்ச்சைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகப் போனார்.

மார்ச் ஒன்றாம் தேதி வராந்தாவில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தது. மேடம் அதற்கும் ஒரு டீ சொன்னார்.