பொருத்தனை தவறிய சனிக்கிழமை

என் நாத்தனாருக்கு நான் வைத்த பெயர் சாவகாசம். ஆராதனைக்கு இரண்டாவது பாட்டு முடிந்துதான் வருவாள். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, விருந்துக்கு வந்தவள் போல முகமெல்லாம் சிரிப்பாக இருப்பாள். பெருக்க வா என்றால் இடுப்பு வலி. நாற்காலி தூக்க வா என்றால் கடையில் வேலை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானோ பீடத்துக்குப் பூ வைப்பதில் தொடங்கி போதகரின் அங்கியைத் தேய்ப்பது வரை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவள். அதைச் சொல்லிக்காட்டவும் தயங்க மாட்டேன்.

என் மகளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே தவறிவிட்டன. மூன்றாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்த அன்றே ஆண்டவரிடம் ஒரு பொருத்தனை செய்தேன். குழந்தை நல்லபடியாகப் பிறக்கும்வரை சனிக்கிழமைதோறும் ஆலயம் முழுவதையும் நான் ஒருத்தியே கழுவுவேன், ஒரு வாரம்கூடத் தவற மாட்டேன். முழங்கால் வீங்கினாலும் விடவில்லை. முடித்த கையோடு ஊரின் மறுகோடியில் இருக்கும் மகளுக்கு ஃபோன் போடுவேன்.

"இந்த வாரமும் கழுவிட்டேன்டி. நீ தைரியமா இரு."

இருபத்தொன்பதாவது சனிக்கிழமை, மின்விசிறியைத் துடைக்க பெஞ்சின் மேல் ஸ்டூல் போட்டு ஏறினேன். புத்தி எங்கே போயிற்றோ! விழுந்ததில் இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தொடை வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார் டாக்டர். எனக்கு வலியைவிட அடுத்த சனிக்கிழமைதான் பெரிய கவலை. பொருத்தனை தவறி, குழந்தை போய்விட்டால்?

வேறு வழியில்லாமல் சாவகாசத்தின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். கட்டுப் போட்ட நாள்முதல் அவள்தான் எனக்கு உடம்பு துடைத்து, தலை வாரி, மலத்தட்டு வைத்து எடுத்தாள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"எனக்குப் பதிலா நீ போய்க் கழுவிட்டு வாடி. ஆண்டவர் ஏத்துக்குவார்."

சனிக்கிழமை மத்தியானம் போனவள் ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். சேலை ஓரம்கூட நனையவில்லை.

"கழுவினியா?"

"இல்ல அண்ணி. கொஞ்ச நேரம் உட்கார்ந்து நம்ம பொண்ணுக்காக ஜெபம் பண்ணேன். மனசுக்கு நல்லா இருந்துச்சு. வந்துட்டேன்."

"அடிப்பாவி! சும்மா உட்கார்ந்துட்டு வரவா உன்ன அனுப்பினேன்? பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவேன்!"

கையில் கிடைத்த டம்ளரை வீசினேன். அவள் அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஆலயத்தக் கழுவுறது நல்ல வேலைதான். வேற எந்த நாள் சொன்னாலும் கழுவுறேன். ஆனா அதக் கொடுத்துப் பிள்ளைய வாங்குறதுக்கு என்னால முடியாது. முதல் ரெண்டும் போச்சே, அது நீங்க கழுவாததாலயா? அப்படின்னு உங்க மககிட்டச் சொல்லுவீங்களா?"

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

"அம்மா, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கேன். இன்னும் நாள் இருக்கே, பயமா இருக்கும்மா." மகளுக்கு மூச்சு வாங்கியது. "இன்னிக்கு நீங்க கழுவலல்ல? அதனாலதான் இப்படியா? குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா?"

அத்தை கழுவிவிட்டாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மகளும் நிம்மதியாகப் பிரசவ அறைக்குள் போயிருப்பாள். சாவகாசத்தின் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வரவில்லை.

"யாரும் கழுவலடி. ஆலயம் தூசியாத்தான் கிடக்கு. இருக்கட்டும். என் முழங்காலப் பார்த்தா அவர் உனக்குப் பிள்ளை தந்தார்? அவரா பிரியப்பட்டுத் தந்தது. முன்னாடி ரெண்டும் ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவர் உன்னத் தண்டிக்கல. இது என்ன ஆனாலும் அவர் உன்ன விடமாட்டார். அம்மாதான் தப்பா நினைச்சுட்டேன்."

அந்தப் பக்கம் விம்மல் கேட்டது.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்க ஃபோன் வர்ற வரைக்கும் எனக்குச் சாப்பாடே இறங்காதும்மா."

என் பிள்ளையை நானே வாராவாரம் சித்திரவதை செய்திருக்கிறேன். தைரியம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு!

ஃபோனை வைத்ததும் ஜெபம் செய்யக் கண்ணை மூடினேன். பழக்கதோஷம், ஏதாவது செய்கிறேன் என்று சொல்ல நா துடித்தது. கட்டிலில் கிடக்கிற நான் என்னத்தைச் செய்வது? "ஆண்டவரே, என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாவகாசம் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெறுங்கையோடு ஆண்டவர் முன்னால் போய் உட்கார்ந்து, சிரித்த முகமாய் எழுந்து வர இவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ! இத்தனை வருடம் இவளையா சோம்பேறி என்றேன்?

பேத்தி அன்று சாயங்காலமே பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு. மற்றபடி குறை ஒன்றுமில்லை.

நாலாம் நாள் மகள் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் அறைக்கு வந்தாள். எனக்குக் கைகால் ஓடவில்லை.

"இரு இரு, நல்ல துணி விரிக்கணும். என்னத் தூக்கி உட்கார வைங்க. ஐயோ, அறையெல்லாம் எப்படிக் கிடக்கு பாரு!"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்மா," என்றாள் மகள். "கையை மட்டும் நீட்டுங்க."

நீட்டினேன்.